புல்லில் உட்காரலாமா?

போனைக் கையில் எடுத்து நம்பரை அழுத்தும்போது நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலருக்குக் குரல் உள்ளே போய்விடுவதை நான் கவனித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்பது லேசான காரியம் இல்லைதான். நான் ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் விடாமல் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "அக்கா, முதல் பெரிய கான்ட்ராக்ட் எப்படிக் கிடைச்சது?" என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, எப்போது உரம் போடுவது என்பதை எல்லாம் களத்தில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு ராங் நம்பரைப் பற்றி.

அப்போது எங்களிடம் புல் வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. அதை ஓட்ட என் கணவர் சேகர் இருந்தார். களை எடுக்கவும் தண்ணீர் விடவும் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் நான்கு பேர் தினமும் பஸ் பிடித்து வந்தார்கள். வேலை முழுக்கத் திருவண்ணாமலையில் ஆசிரமத்தைச் சுற்றியிருந்த வாடகை வீடுகளிலும் கெஸ்ட் ஹவுஸ்களிலும்தான். குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், தோட்டம் தோட்டமாக வேலை இருக்கும். பங்குனி வெயில் ஏறியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். கேட்டுக்குப் பூட்டு விழும். எங்கள் பெண்கள் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். அடுத்த மார்கழியில் திரும்பி வரும்போது அவர்கள் கைகளைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். வருஷம் முழுக்க ஓடுகிற வேலை ஒன்று வேண்டும். அது வீடுகளில் கிடைக்காது. ஹோட்டல், காலேஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று பெரிய இடமாகப் பிடிக்கவேண்டும்.

சேகர் போனை எடுத்தால் "ம்" என்பார், அப்புறம் இன்னொரு "ம்" என்பார். அதனால் கூப்பிடும் வேலை எனக்கு வந்தது. பேசவேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். எங்கள் அனுபவம், எங்கள் நேர்மை, எங்கள் மெஷின் என்று அது ஒரு மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். பாதியைத் தாண்டும் முன்பே எல்லோரும் வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் கடைசிவரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னா சொன்னீங்கன்னே கேக்கல, மிக்சி ஓடிகினு இருந்துச்சு" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் செங்கம் ரோட்டில் ஒரு புது ஹோட்டல் திறந்தது. கிரிவலம் முடித்து வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி பெரிய போர்டு வைத்திருந்தார்கள். முகப்பில் பச்சைப் பாய் விரித்ததுபோல் கொரியன் புல். நான் பஸ்ஸில் போகும்போதே போர்டில் இருந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் கூப்பிட்டேன்.

"வணக்கம் சார், திருவண்ணாமலையில பல வருஷமா லான் பராமரிப்பு..."

"அம்மா, அம்மா, நிறுத்துங்கோ. இது ஹோட்டல் இல்லே. ஆத்து நம்பர். நான் கோயில்ல பூஜை பண்றவன்."

"மன்னிச்சுக்குங்க சாமி, போர்டுல இந்த நம்பர்தான்..."

"தெரியும், தெரியும். போர்டுல ஒரு எண் தப்பு. அவா நம்பர் வேற, என் நம்பர் வேற. ஊர்ல இருக்கறவா அத்தனை பேரும் என்னைத்தான் கூப்பிடறா."

வழக்கமாக இந்த இடத்தில் நான் "சரிங்க" என்று வைத்திருப்பேன். என்னவோ, அந்தக் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய மனப்பாடமும் மறந்துபோனது. "ரொம்ப பேர் கூப்பிடுறாங்களா சாமி?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். அடைத்துவைத்திருந்த மடை திறந்துகொண்டது. சாப்பாட்டு வேளையில் கூப்பிடுகிறார்களாம். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்திருக்கும்போது இடுப்பில் போன் அதிர்கிறதாம். ஹோட்டலுக்குப் போய் வரவேற்பறையில் சொன்னாராம். அங்கே இருந்தவர்கள் "மாத்திடறோம் சாமி" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். போர்டு மட்டும் மாறவே இல்லை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யார்கிட்டேயும் சொல்லாதேங்கோ. கோவத்துல நானே ஹோட்டல்காரனாட்டம் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். ரூம் இருக்கான்னு கேட்டா, நேர்ல வாங்கோன்னுடுவேன். பாதிப் பேர் வேற ஒண்ணு கேக்கறா. கிரிவலம் சுத்தி வந்து கால் வலிக்கறது, உங்க புல்லுல செத்த உட்காரலாமான்னு. பாவமா இருக்கே! தாராளமா உட்காருங்கோ, காபியும் கிடைக்கும்னுட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். போனை வைத்தபிறகுதான் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கடைசிவரை கேட்கவும் இல்லை. எனக்கு அவர் குருக்கள், அவருக்கு நான் புல்லம்மா.

மத்தியானமே ஹோட்டலுக்குக் கிளம்பினேன். சேகர் வண்டியை எடுத்தபடியே, "போனதும் நம்ம கார்டைக் குடுத்துடு" என்றார்.

"இன்னிக்கு வேணாங்க. அவங்களுக்கு ஆகவேண்டிய சேதி ஒண்ணு இருக்கு. அதை மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

"உள்ள வுடுறதே பெருசு. இதுல கார்டும் குடுக்கமாட்டியா?"

மேனேஜர் வேலூர்ப் பக்கத்து மனிதர், நாற்பது வயது இருக்கும், எப்போதும் அவசரத்தில் இருக்கிற முகம். போர்டில் நம்பர் தப்பு என்று நான் சொன்னதும் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். தன் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார். "அதான் லோக்கல் ஆளுங்க யாருமே கூப்பிடல! ஆன்லைன்ல வர்றவங்க மட்டும்தான் வர்றாங்க. ஓனர் தினமும் என்னை வறுக்கறாரு மேடம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

லான் பராமரிப்பு செய்கிறோம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார். வருஷ கான்ட்ராக்டுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்களாம், சென்னையிலிருந்து ஒரு கம்பெனியும் வேலூரிலிருந்து ஒருவரும் வருகிறார்களாம். "நீங்களும் வந்து இடத்தைப் பாத்துட்டு ஒண்ணு குடுங்களேன்."

இடத்தைப் பார்த்தோம். முகப்பில் இருந்த கொரியன் புல் புதிது, வேர் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் நான்கைந்து வேப்பமரங்கள். அவற்றின் நிழலில் யாரும் நடாமல் தானாகவே மண்டிய அருகம்புல், அங்கங்கே முழங்கால் உயரம். மேனேஜர் அந்தப் பக்கம் எங்களை அழைத்துப் போகவே வெட்கப்பட்டார். அதை எடுத்துவிட்டு அங்கேயும் கொரியன் போடவேண்டும் என்பது ஓனரின் யோசனை. சேகர் குனிந்து ஒரு பிடி அருகம்புல்லைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. என்னைப் பார்த்து "ம்" என்றார். அந்த ஒரு "ம்" எனக்குப் போதுமாக இருந்தது.

கொட்டேஷன் நாள் வந்தது. ஓனர் அரிசி மில் வைத்து முன்னுக்கு வந்தவர். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னைக் கம்பெனிப் பையன் டை கட்டிக்கொண்டு திரையில் படம் காட்டினான். நல்ல பையன், நன்றாகவும் பேசினான். முன்னும் பின்னும் ஒரே பச்சை, சுற்றிலும் சங்கிலி, நான்கு மூலையிலும் 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று பலகை. ஓனர் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. வேலூர்க்காரர் அதையே விலை குறைத்துச் சொன்னார். என் முறை வந்தது.

"ஏம்மா, உங்களாலயும் இந்த மாதிரி பண்ண முடியுமா?"

முடியும் என்று சொல்லியிருக்கலாம். சேகர் என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆள் ஆளாகச் சூளைக்குப் போகிற எங்கள் பெண்கள் என் மனசுக்குள் நின்றார்கள்.

"பண்ணலாம் சார். ஆனா நிக்காது" என்றேன்.

"இன்னா நிக்காது?"

"பௌர்ணமிக்கு ஜனங்க வருவாங்க சார். மலையைச் சுத்தி, வெறுங்கால்ல நடந்துட்டு வருவாங்க. உங்க போர்டுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டவங்க ஜாஸ்தி கேட்டது ரூமைப் பத்தி இல்ல. லான்ல கொஞ்ச நேரம் உட்காரலாமான்னுதான். சங்கிலி கட்டினாலும் அவங்க உட்காருவாங்க. முன்னாடி இருக்கற புல்லு அதைத் தாங்காது. பின்னாடி இருக்கறது தாங்கும். அதைப் புடுங்காதீங்க. நாங்க அதை மட்டமா வெட்டி, ஜனங்க உட்கார்ற இடமா ஆக்கித் தர்றோம். முன்பக்கம் பார்க்கறதுக்கு, பின்பக்கம் உட்கார்றதுக்கு."

ஓனர் முகம் சுருங்கியது. "நான் ஹோட்டல் கட்டியிருக்கேன், சத்திரம் கட்டல" என்றார். "பௌர்ணமி போவட்டும், சொல்றேன்."

வெளியே வந்ததும் சேகர் வண்டியை உடனே கிளப்பவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீ சொன்னது கரெக்டு. வேலை வரலைன்னாலும் கரெக்டுதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பாராட்டி அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. எனக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. வழியில் நிறுத்தி இரண்டு பேரும் பஜ்ஜி சாப்பிட்டோம்.

பௌர்ணமி முடிந்த காலையில், நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம்.

"மேடம், உடனே வாங்க! ஆரணியிலருந்து ரெண்டு வேன் ஜனம். முன்னாடி லான் முழுக்க உட்காந்துருக்காங்க. போன்ல வரச் சொன்னாங்களாம், காபி வேற கேக்கறாங்க! சென்னை கம்பெனிக்குப் போட்டேன், யாருமே எடுக்கல. ஓனர் வந்துகினு இருக்காரு!"

போகிற வழியிலேயே குருக்களைக் கூப்பிட்டேன். "ஐயையோ, நெஜமாவே வந்துட்டாளா?" என்றார். "இந்த மாசம் கோயில்ல எனக்கு முறை இல்லே, ஆத்துலதான் இருக்கேன். வரேன்."

மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொரியன் புல் மேல் பெண்களும் பெரியவர்களும் குழந்தைகளுமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டையா கண்ணை மூடி மல்லாந்து கிடந்தார், உள்ளங்காலில் கொப்புளம். சிலர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அத்துமீறி வந்த மாதிரி இல்லை, அழைத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல் நிம்மதியாக இருந்தார்கள்.

வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயின் வால்வில் கை வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் என் காதருகே வந்தார். "ஸ்பிரிங்க்ளரைத் திறந்துடட்டுமா மேடம்? தானா எழுந்து ஓடிடுவாங்க. ஓனர் வர்றதுக்குள்ள காலியாயிடும்."

இப்படிப்பட்ட நேரத்தில் கேட்டதும் சரி என்று சொல்லத்தான் வாய் வரும். திறந்தால் ஐந்து நிமிடத்தில் லான் காலி. ஓனர் சந்தோஷப்படுவார். வேலை எனக்கே கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் ஈரம் பட்ட புதுப் புல்லின் மேல் இத்தனை பேரும் எழுந்து ஓடினால் சேறாகிவிடும், வேர் பிய்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, மறுபடி நடலாம். அந்தப் பாட்டையாவின் மேல் தண்ணீர் அடித்தபிறகு, இந்த ஊரில் எந்த வாசலுக்குப் போய் நான் வேலை கேட்பேன்?

"திறக்காதீங்க" என்றேன். "காபி ரெடியா இருக்கா?"

"கிச்சன்ல பெரிய டிரம்ல இருக்கு. ஏன்?"

"அதைத் தூக்கிட்டுப் போய்ப் பின்னாடி வேப்பமரத்தடியில வைங்க. யாரையும் எழுந்திருங்கன்னு சொல்லாதீங்க. காபி அங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஓடினார். சேகர் மெஷினோடு பின்பக்கம் போய், மரத்தடியில் உயரமாக நின்ற புல்லை ஒரு சுற்று வெட்டிச் சமப்படுத்தினார். நான் முன்பக்கம் நின்று, "காபி பின்னாடி நிழல்ல குடுக்கறாங்க, வாங்கம்மா, வாங்கய்யா" என்று கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன். முதலில் குழந்தைகள் எழுந்தார்கள். அப்புறம் பெண்கள். கடைசியாகப் பாட்டையா கண்ணைத் திறந்து, "நிழலா? இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கேட்டபடி இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்தார். ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்து அடி வைத்து நடந்தார்கள். புல் படுத்திருந்தது, பிய்ந்திருக்கவில்லை.

ஓனரின் கார் உள்ளே வந்தபோது முகப்பு காலியாக இருந்தது. ஆனால் சத்தத்தைக் கேட்டு நேராகப் பின்பக்கம் போனார். "யாரு இவங்கள உள்ள வுட்டது?" என்று அவர் குரல் உயர்ந்த அதே நேரத்தில் குருக்களின் மொபெட்டும் வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதி, ஒல்லியான மனிதர், என்னைவிட இளையவர்! போனில் கேட்ட குரலுக்கு நான் வேறொரு முகத்தை நினைத்துவைத்திருந்தேன்.

"நான்தான் விட்டேன்" என்றார் குருக்கள். "போன்ல நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. அவாளை ஒண்ணும் சொல்லாதேங்கோ."

வேன் கூட்டத்துக்குத் தலைவிபோல் இருந்த ஒரு அம்மா, கையில் காபியோடு எட்டிப் பார்த்தார். "அட, இந்தக் குரல்தான்! நீங்கதானே அன்னிக்கு எங்கிட்ட பேசுனீங்க? எவ்ளோ மரியாதையா பேசுனீங்க! அதுக்காவதான் இங்கயே வந்தோம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எழுந்து குருக்களைக் கும்பிட்டார்கள். ஓனரும் திட்ட வந்த வாயோடு கையைக் கூப்பவேண்டியதாகிவிட்டது. மேனேஜர் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. "நீங்கதான் முதலாளிங்களா? தை மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு மண்டபமா பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. இந்த மரத்தடியில, இந்தப் புல்லுலயே வெச்சுக்கலாமா? உங்க ரூமுங்க அத்தனையும் எங்களுக்கு வேணும்."

ஓனர் வேப்பமரங்களைப் பார்த்தார். வெட்டிய புல்லின் வாசனை வந்துகொண்டிருந்தது. பாட்டையா பக்கத்தில் தட்டிக்காட்டி, "உட்காருங்க, நின்னுகினே பேசுனா எப்படி?" என்றார். ஓனர் செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். ஹோட்டல் திறந்த நாளிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். உள்ளங்கையால் புல்லை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்திருக்கவேண்டும், இன்னொரு தடவையும் அழுத்தினார்.

"ஏம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். "இத நீங்களே பாத்துக்குங்க. முன்னாடியும், பின்னாடியும். சங்கிலி வேணாம்."

மெஷினை அணைத்துவிட்டு வந்த சேகர் காதில் இது விழுந்தது. "ம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். எங்கள் பெண்களுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில், சூளைக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். சூளைக்குப் போகவேண்டாம் என்று சொன்னதும் நான்கு பேரும் ஒரே போனில் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வேறு என்ன கேட்கவேண்டும்?

அந்த மகிழ்ச்சி ஆறும் முன்பே, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுத்த நம்பரைப் போட்டேன். ஒரு கல்யாண மண்டபம். எடுத்தவர் பெண். நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரே வரியில் சொன்னேன்.

"வேணாங்க" என்றார் அவர். "எங்களுக்குப் புல்லே இல்ல. எல்லாம் சிமெண்ட்டு."

"அப்படிங்களா? வெயில் காலத்துல ரொம்ப சூடு அடிக்குமே?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அத ஏங்க கேக்கறீங்க..." என்று அவர் ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்தேன்.